நான்காம் நாளுக்குக் கீழே

காலை பதினொரு மணிக்கு, தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் பால் நிறுத்துக்கொண்டிருந்த நேரத்தில், சலோமி இறந்துவிட்ட செய்தி வந்தது. முள்கம்பி வாசலில் லாரியை நிறுத்திய டிரைவர், கோலா பிலா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன்பே உயிர் போய்விட்டது என்று காவலுக்கு நின்றவனிடம் சொன்னான். காவல்காரன் பள்ளிக்கூடத்துக்கு வந்து சொன்னபோது பாக்கியநாதன் வாத்தியார் கரும்பலகையில் வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தார். அவருக்கு முதலில் வந்தது அழுகை அல்ல. அவள் இனி அந்தக் கேள்வியைக் கேட்கமாட்டாள் என்ற நிம்மதி. அதை நினைத்து உடனே உடம்பு கூசியது.

சலோமி ஆயாக் கொட்டகையில் வேலை பார்த்தவள். தாய்மார்கள் இருட்டோடு பெரட்டில் வரிசையாக நின்று பேர் கொடுத்துவிட்டு, பாலுக்காக ரப்பர் மரம் வெட்டப் போனதும் கைக்குழந்தைகள் எல்லாம் அவள் பொறுப்பு. ஒரு தொட்டிலைக் காலால் தள்ளி, இன்னொன்றைக் கையால் ஆட்டுவாள். புருசன் மாயாண்டி கிறிஸ்தவ சபையில் சேராதவன். அவள் சாமி அவளுக்கு, என் சாமி எனக்கு, சண்டையெல்லாம் குழம்பில் உப்புக்குத்தான் என்பான். அவசரகாலம் வந்து, காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகாதபடி தொழிலாளர் லயங்களைச் சுற்றி வேலி போட்ட பிறகு பாதிரியார் வருவது குறைந்துபோனது. ஞாயிறு வகுப்பை சலோமியே எடுத்தாள். ஆறு நாளும் மற்றவர் பிள்ளைகளின் மூத்திரத் துணியை அலசியவளுக்கு, அந்த ஒரு மணி நேரம்தான் தன்னுடையது என்று இருந்தது.

அந்த வகுப்பில் நீலாவதி என்ற சிறுமி ஒருநாள் எழுந்து நின்றாள். டவுன் பள்ளியில் படிக்கிற அவள் அண்ணனின் புத்தகத்தில், மலைகளுக்குக் கோடிக்கணக்கான வயது என்று போட்டிருக்கிறதாம். அப்படியானால் உலகப் படைப்பு ஆறு நாளில் எப்படி முடிந்தது? கேட்டுச் சொல்கிறேன் என்றாள் சலோமி. மறுநாள் பள்ளிக்கூட ஜன்னலருகே வந்து நின்றாள்.

"எது சார் பொய்? அந்தப் புத்தகமா, நம்ம புத்தகமா?"

பாளையங்கோட்டைக் கல்லூரியில் பாறை அடுக்குகளைப் பற்றிப் படித்த வருசம், பாக்கியநாதனால் ஜெபிக்க முடியாமல் போயிருந்தது. பிறகு ஒருநாள் ஆதியாகமத்தைத் திரும்ப வாசித்தபோது, சூரியன் நான்காம் நாளில்தான் உண்டாகிறது என்பது கண்ணில் பட்டது. சூரியனே இல்லாத முதல் மூன்று நாட்களை எந்தக் கடிகாரம் அளக்கும்? அன்றிலிருந்து பாறையையும் வேதத்தையும் ஒரே கை எழுதியவையாக அவர் வாசித்து வந்தார். அதை யாரிடமும் சொன்னதில்லை. அன்று அவளிடம் சொன்னார். மழை பெய்தால் மரம் வெட்டு இல்லை, கணக்கு எழுதும் கிராணியும் நாள் போடமாட்டார். பொழுது விடிந்து அடைந்தாலும் அது நாள் கணக்கில் சேராது. வேலை நடந்தால்தான் நாள். கடவுளின் நாளும் அவர் செய்த வேலையை வைத்துத்தான், அதற்குள் எத்தனை கோடி வருசமும் அடங்கும் என்றார்.

சலோமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்ப ரெண்டும் நெசந்தான்லா சார்."

சில நாளில் பெரிய தாள் ஒன்றில் ஆறு கட்டம் போட்டுப் படம் வரைந்து கொண்டுவந்தாள். ஒவ்வொன்றின் கீழும் அந்தந்த நாளில் நடந்ததை அவருடைய எழுத்தில் எழுதித் தரச் சொன்னாள். அவரும் ஆரம்பித்தார்.

அதற்குள் அவள் வகுப்பில் சொன்ன விளக்கத்தைப் பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்ல, அது பெரிய கிராணி இராஜமாணிக்கத்தின் காதுக்கு எட்டிவிட்டது. சபைக்கும் அவர்தான் செயலாளர். சபைக் குழுவைக் கூட்டி சலோமியை நடுவில் நிறுத்தினார். குழுவில் பாக்கியநாதனும் இருந்தார்.

"உலகம் தானா கோடி வருசமா வந்துச்சுன்னு காட்டுக்குள்ள இருக்கிறவன் பேசுவான். போலீசுக்குத் தெரிஞ்சா கப்பல் ஏத்திருவான். யார் உனக்குச் சொல்லிக் குடுத்தது?"

அது வெறும் மிரட்டல் அல்ல. பக்கத்துத் தோட்டத்தில் ஒரு குடும்பத்தை அப்படித்தான் ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். பாக்கியநாதன் தன் சப்பாத்து முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். சலோமி அவர் பக்கம் திரும்பவில்லை.

"யாரும் சொல்லலைங்க ஐயா. மழை நாளை நீங்க நாளாப் போடுறதில்லையே, அதை வச்சு நானா நெனச்சது."

யாரோ சிரித்துவிட்டார்கள். கிராணிக்கு முகம் கறுத்தது. வகுப்பை அவளிடமிருந்து எடுத்துவிட முடிவாயிற்று. கை தூக்கச் சொன்னபோது பாக்கியநாதனும் தூக்கினார்.

அதன் பிறகு அவள் ஆராதனையில் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். அவரைக் கண்டால் வழக்கம்போல் தோத்திரம் சொன்னாள். ஒரே ஒருமுறை, குழாயடியில் கேட்டாள்.

"வகுப்பு போனாப் போகட்டும் சார். நான் பிள்ளைங்களுக்குச் சொன்னது தப்பா? அதை மட்டும் சொல்லுங்க."

பக்கத்தில் ஆட்கள் நின்றார்கள். "இப்ப எதுக்கும்மா அதெல்லாம், விடு" என்றார். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அடுத்த மாதம் காய்ச்சலில் விழுந்தாள். ஒரு ராத்திரி அது முற்றியது; காலையில் ஊரடங்கு முடிந்து வாசல் திறந்த பிறகுதான் அவளை ஏற்றிய லாரி கிளம்ப முடிந்தது.

மறுநாள் பெட்டியை மூடும் முன் மாயாண்டி அவரை ஓரமாக அழைத்தான். "அந்தப் படத் தாள் உங்ககிட்டதானே சார் இருக்கு? எழுதி முடிச்சிருந்தா குடுங்க. அதுகூடவே வச்சிரலாம்."

"தேடிப் பார்க்கணும்" என்றார் பாக்கியநாதன். அவன் தலையாட்டிவிட்டுப் போனான்.

தூறலில் அடக்கம் நடந்தது. இரண்டு வார்த்தை பேசும்படி கிராணி வாத்தியாரைத்தான் கேட்டார். பிள்ளைகளிடம் அன்பாக இருந்தவள் என்று சொல்லிவிட்டு அவர் நிறுத்திக்கொண்டார். ஊரடங்குக்கு முன் எல்லாரும் வேலிக்குள் திரும்பினார்கள்.

தாள் பள்ளிக்கூட அலமாரியில், மேல் தட்டிலேயே இருந்தது. முதல் மூன்று கட்டங்களுக்குக் கீழே அவர் எழுத்து இருந்தது. நான்காவதில், அவள் வரைந்த சூரியனுக்கு அடியில், எழுதுவதற்காகப் பென்சிலால் போட்ட கோடு மட்டும் இருந்தது.