டெய்லரக்காவின் வெங்காய மூட்டை

மூன்றாவது மாடி டெய்லரக்காவுக்கு விலைவாசி மேல் தீராத கோபம். நாங்களெல்லாம் விலையைக் கேட்டுப் பெருமூச்சு விடுவோம். அவள் சண்டைக்குப் போவாள். பால் அளவு குறைந்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். ஆனால் ஒரே முட்டையைத் தன் இரண்டு பெண்களுக்கும் ஆளுக்குப் பாதியாக வெட்டி வைத்த காலையில் கத்தியைக் கீழே போட்டுவிட்டாள்.

"இனிமே இந்த வீட்ல எதையும் பாதியாக்க மாட்டேன்" என்றாள். பஸ் ஓட்டும் அவள் கணவர் சிரித்தார்.

அன்று சாயங்காலமே கட்டிடத்தில் ஏழு வீட்டுக் கதவையும் தட்டினாள். மொத்தச் சந்தையில் மூட்டையாக வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம், முதலில் வெங்காயம் என்றாள். ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர் மட்டும் இழுத்தார்.

"வாங்கறது ஈஸிம்மா. உள்ள என்ன இருக்கும்னு யார் கண்டா?"

"நான் பாத்து வாங்கறேன் சார். எனக்குக் கண்ணு இல்லையா?"

அந்தக் கண்ணால்தான் வினை. காலமெல்லாம் தையல் பார்த்த கண் அது. சந்தையில் எந்த மூட்டையின் வாய் நெருக்கமாக, நேராகத் தைக்கப்பட்டிருந்ததோ அதைத் தேர்ந்தெடுத்தாள். இவ்வளவு ஒழுங்காகத் தைத்தவன் உள்ளேயும் ஒழுங்காகத்தான் போட்டிருப்பான் என்று நினைத்தாளாம். உலகத்தில் வேறு யாருக்கும் இப்படி ஒரு காரணம் தோன்றாது.

வீட்டில் கவிழ்த்தபோது மேலே இருந்தது உலர்ந்த சரக்கு, அடியில் இருந்ததெல்லாம் ஈரம். நாற்றம் எல்லா மாடிக்கும் போனது. மேனேஜர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, அழுகிய ஒன்றைக் காலால் உருட்டிப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அக்காவின் முகம் சுண்டிப்போனது. இந்த மூட்டை வீணானால் ஏழு வீடும் மறுபடி தெரு மூலைக்கடைக்கே போகும், அடுத்த முறை தட்டினால் ஒரு கதவும் திறக்காது. அது அவளுக்குத் தெரியும்.

அழப்போகிறாள் என்று நினைத்தேன். "படிக்கட்டைப் பெருக்குங்க" என்றாள்.

கீழ்ப்படியிலிருந்து மொட்டைமாடி வரை செய்தித்தாள் விரித்து வெங்காயத்தைப் பரப்பினோம். எல்லார் வீட்டு டேபிள் ஃபேனும் படிக்கட்டுக்கு வந்தது. அழுகியதில் நல்ல பாகத்தை நறுக்கி அன்றைக்கே அடுப்பில் ஏற்றினோம். இரண்டு நாள் சுவரோடு ஒட்டிக்கொண்டுதான் ஏறி இறங்கினோம். பிறகு வெங்காயத் தோல் தொட்டால் சரசரவென்றது. கழிவு போக நின்றதே, அந்தப் பணத்துக்குக் கடையில் கிடைப்பதைவிட அதிகம். மேனேஜரே தராசைப் பிடித்து இரண்டு தடவை நிறுத்தார்.

அடுத்த முறை நானும் கூடப் போனேன். அதே வியாபாரி. அக்கா பையிலிருந்து தையல் பிரிக்கும் கருவியை எடுத்து, மூட்டையின் அடியோரத் தையலை ஒரு சாண் பிரித்துக் கையை உள்ளே விட்டாள்.

"என்னம்மா இது, மூட்டைய நாசம் பண்றீங்க?"

"பதறாதீங்கண்ணா. நானே தைச்சுத் தர்றேன்."

சரக்கு பிடிக்கவில்லை. கோணி ஊசியால் முன்பைவிட அழகாகத் தைத்துவிட்டு அடுத்த மூட்டைக்குப் போனாள். வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்துவிட்டது. வியாபாரி வெலவெலத்துப் போய், உள்ளேயிருந்து தானே ஒரு மூட்டையை உருட்டி வந்தார்.

"இதைப் பிரிக்க வேண்டாம்மா. என்னை நம்புங்க."

அதையும் பிரித்தாள். அருமையான சரக்கு. எனக்குக் கை தட்ட வேண்டும்போல இருந்தது.

இப்போது அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாமே இப்படித்தான். எதிர்க் கட்டிடமும் சேர்ந்துவிட்டது. அக்கா வீட்டில் ஆளுக்கொரு முட்டை. போன ஞாயிற்றுக்கிழமை மூட்டை பிரித்துக்கொண்டிருந்தபோது மூலைக்கடைக்காரர் மூச்சு வாங்க மாடியேறி வந்தார். சண்டைதான் என்று எல்லாரும் நிமிர்ந்தோம். அவர் தொண்டையைச் செருமினார்.

"அக்கா, எனக்கும் ரெண்டு மூட்டை சேத்து எடுத்துத் தர்றீங்களா?"

"தர்றேன். நாங்க வாங்கற விலைக்கு மேல எவ்வளவு வைப்பீங்கன்னு இப்பவே, இவங்க எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லிடுங்க."

அவர் ஒரு தொகை சொன்னார். அக்கா பேசாமல் அவரையே பார்த்தாள். அவராகவே அதைவிடக் குறைத்து இன்னொன்று சொன்னார். விலை இறங்கியதை நான் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.