காரணமில்லாமல் கடல் பார்க்கப் போனோம்

ஏலக்காய் வாசம் சோப்புக்கு அடங்காது. எண்பதுகளின் தொடக்கத்தில் போடியில் ஏலக்காய் பொறுக்கப் போன எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள். சீயக்காய் தேய்த்துக் குளித்தாலும் தலைமுடி, தாவணி, சோறு பிசையும் விரல் எல்லாம் மணக்கும்...

அந்த வாசத்துக்கு நடுவில் உட்கார்ந்துதான் நாங்கள் ஒரு தீவுக்கு டூர் போட்டோம். நாங்கள் என்றால் நானும், என் அண்ணன் மனைவி பஞ்சவர்ணம் மதினியும். ஒரே ஏலக்காய் ஸ்டோரில் வேலை. பச்சைக் காய் தனி, வெளுத்தது தனி, வெடித்தது தனி என்று கை அதுபாட்டுக்குப் பிரிக்கும். வாய் அதுபாட்டுக்குப் பேசும். கூட வேலை பார்த்த ராமநாதபுரத்து அக்காதான் ஆரம்பித்து வைத்தாள். ராமேஸ்வரத்தில் அவளுக்கு ஒரு சித்தி இருந்தார்.

"கடல்ல இருந்து நாலெட்டு தள்ளி மணலத் தோண்டுனா நல்ல தண்ணி வரும். பனமரத்தடியில ஓலப் பட்டையில பதனி ஊத்துவாக. ஒருவாட்டி போய்ப் பாருங்களேன்."

மதினியின் கை நின்றுவிட்டது. சிலமலையில் பிறந்து போடிக்கு வாக்கப்பட்டவர். மதுரையைத் தாண்டியதில்லை. அன்றைக்குப் பிடித்தது கடல் பைத்தியம். ரெண்டு நாள், போக வர ட்ரெயின், தங்க அந்தச் சித்தி வீடு... எல்லாம் ஸ்டோரிலேயே பேசி முடித்தாயிற்று.

வீட்டில் சொன்னபோதுதான் இடி விழுந்தது.

எங்கள் வீட்டில் ராமேஸ்வரம் என்றால் அஸ்தி கரைக்கிற ஊர். ஒரு சாவு விழுந்தால்தான் அந்தப் பக்கம் ட்ரெயின் ஏறுவோம். அய்யா, அதாவது எங்கள் அப்பா, வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டார்: "செத்தவுகளக் கரைக்கிற ஊருக்கு, உசுரோட இருக்கவுக சிரிச்சுக்கிட்டா போவாக?"

அம்மா ஒரு வழி சொன்னார். மதினிக்குக் கல்யாணமாகி ஐந்தாறு வருஷம், குழந்தை இல்லை. "பிள்ள வரம் கேக்கப் போறோம்னு சொல்லிரு ஆத்தா. ஊரே வழியனுப்பும்."

குரங்கணிக்கு ஜீப் ஓட்டிக்கொண்டிருந்த அண்ணனும் கெஞ்சினார். "ஒரு வார்த்த சொல்லிரு, சோலி முடிஞ்சுச்சு."

மதினி மசியவில்லை. "வரங் கேட்டுப் போயி, வரலைன்னா? சாமியே கைவிட்டவன்னு பேசுவாக. நான் ஒண்ணும் கேக்கப் போகல. கடலப் பாக்கணும், அம்புட்டுத்தான்."

எனக்கு அவரைப் பார்க்கவே பிரமிப்பாக இருந்தது. ஒரு சின்னப் பொய்யில் கிடைக்கக்கூடியதை வேண்டாம் என்று உட்கார்ந்திருக்கிறாரே! நானாக இருந்தால் மறுநாளே மஞ்சள் துணி கட்டிக்கொண்டு கிளம்பியிருப்பேன். மாதங்கள் ஓடின.

ஒருநாள் அய்யாவுக்குச் சோறு போட்டுக்கொண்டே மதினி கேட்டார். "மாமா, உங்கய்யாவக் கரைக்க நீங்க போனீகள்ல... கடல் எப்படி இருந்துச்சு?"

அய்யா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"அழுதுக்கிட்டுல்ல போனேன் ஆத்தா... எங்கிட்டுப் பாத்தேன்?"

மிச்சச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு வந்து, "போயிட்டு வாங்க. எனக்கும் சேத்துப் பாத்துட்டு வாங்க" என்றார்.

மதினி சோற்றுப் பானையை மூடக்கூட மறந்து நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

துணைக்குக் கிளம்பிய அண்ணன் ஒரு புது பிளாஸ்டிக் கேன் நிறைய கொட்டகுடி ஆற்றுத் தண்ணீர் பிடித்துக்கொண்டார். "சுத்தி உப்புத் தண்ணி. அங்க போயி என்னத்தக் குடிப்பீக?" போடியில் ஏற்றி, மதுரையில் இறக்கி, அடுத்த ட்ரெயினில் ஏற்றி... கூலிக்காரர் கையில்கூடக் கொடுக்கவில்லை மனுஷன்.

பாம்பன் பாலத்தில் ட்ரெயின் நடைவேகத்துக்குக் குறைந்தது. ஜன்னல் வழியே குனிந்தால் கைப்பிடி கிடையாது, மண் கிடையாது. நேராகத் தண்ணீர். மதினி என் கையைப் பிடித்த பிடியில் என் வளையல் ஒன்று உடைந்தது. பயம் என்று நினைத்தேன். "கொஞ்ச நேரம் நிக்கச் சொல்லுங்களேன்" என்று அண்ணனிடம் கேட்டுக்கொண்டிருந்தார்!

மறுநாள் காலையில் அந்தச் சித்தி எங்களைக் கரைக்குக் கூட்டிப்போனார். அலைச் சத்தம் கேட்கிற தூரத்தில் உட்கார்ந்து, தேங்காய்ச் சிரட்டையால் மணலை அள்ளி அள்ளிப் போட்டார். குழியில் மெல்ல ஊறியது. அண்ணன் ஒரு வாய் குடித்தார். இளநீர் மாதிரி இருந்ததாம். திரும்பித் தன் கேனைப் பார்த்தார் பாருங்கள், ஒரு பார்வை!

"எங்களுக்கே தண்ணி கொண்டாந்தீகளா?" சித்தி விழுந்து விழுந்து சிரித்தார். கொல்லத் தெருவில் ஊசி விற்கப் போன கதைதான்.

ஆனால் அந்தக் கேனைத் திறந்து ஒரு வாய் குடித்ததும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "இது மலைக்குள்ள இருந்தா வருது?" அவர் மலையே பார்த்ததில்லை. பக்கத்துக் குடிசைகளுக்குக் குரல் கொடுத்தார். பெண்கள் டம்ளரோடு வந்தார்கள். தீர்த்தம் மாதிரி ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றினார் அண்ணன். பதிலுக்கு எங்களுக்குப் பட்டை பட்டையாகப் பதனி. இனிப்பும் சுண்ணாம்பு வாசமுமாக வயிறு முட்டக் குடித்தோம்.

மதினி மட்டும் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டே இருந்தார். கும்பிடவில்லை. அழவில்லை. கூப்பிட்டால் திரும்பவும் இல்லை.

ஊர் திரும்பியதும் அய்யா வாசலிலேயே கேட்டார், "எப்படித்தா இருந்துச்சு?"

"எதுத்தாப்புல ஒண்ணுமே இல்ல மாமா. மல இல்ல, அக்கர இல்ல... பாத்துக்கிட்டே இருக்கலாம்."

எங்கு திரும்பினாலும் எதிரே ஒரு மலை நிற்கிற ஊரில் பிறந்தவர் அய்யா. வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். சாகும்வரை அடிக்கடி அதை மதினியைச் சொல்லச் சொல்லிக் கேட்பார். மதினிக்குக் குழந்தை பிறக்கவில்லை. அதற்காக அய்யா இருந்தவரை எங்கள் வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

போன வாரம் என் மகள் போனில் ஏதோ ஒரு தீவு காட்டினாள். மூன்று நாள், கடலுக்குள்ளேயே மரவீடு, வாசலில் ஜூஸோடு வரவேற்பு, சாயங்காலம் அந்த ஊர் ஆட்டம். டிக்கெட் போட்டு முடித்துவிட்டுத்தான் சொல்கிறாள். நல்லா இருக்கட்டும். "என்னடி விசேஷம்?" என்று கேட்டேன்.

"சும்மாதாம்மா" என்றாள்.

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் மதினி அத்தனை மாதம் காத்திருந்தார்.