அணைக்கக் கூடாத ஹார்ட் டிஸ்க்

புதுக் கம்ப்யூட்டர்ல பழைய ஹார்ட் டிஸ்க்க மாட்டுனேன். காட்டவே இல்ல. கேபிள மாத்துனதும் காட்டுச்சு, ஆனா உள்ள இருந்து டக் டக்குன்னு ஒரு சத்தம்.

கம்ப்யூட்டர் கடை அண்ணாச்சிக்குப் போன் போட்டு அதைக் கேக்க வச்சேன்.

"அது சாகப் போவுது வே. ஒருக்கா அணைச்சீருன்னா பொறவு எந்திரிக்காது. வேண்டியத உடனே காப்பி பண்ணும்."

நான் எடுத்த கல்யாணப் படம் அம்புட்டும் அதுலதான் கிடக்கு. ஒரு வீட்டுக்கு இன்னும் ஆல்பமே குடுக்கல.

காப்பி பாதி ஏறியிருக்கு. கரண்டு போனா தாங்குத யூபிஎஸ்ஸப் பெறகு வாங்கிக்கலாம்னு விட்டிருந்தேன்.

இப்ப ஜன்னல் வழியா பாக்கேன், லைன்மேன் எங்க தெருக் கம்பத்துல ஏணியச் சாத்துதாரு.

ஓடிப்போய்த் தடுக்கலாம். நான் எந்திரிச்சா இதுவும் நின்னுருமோன்னு பயமா இருக்கு.

எங்க சேரன்மகாதேவில யாராவது இருந்தா அந்த லைன்மேனுக்கு ஒரு டீ வாங்கிக் குடுங்களேன். பையக் குடிக்கச் சொல்லுங்க.