என் வண்டிதான் என்று சாதித்தேன்

இரண்டு வருடங்களுக்கு முன், பள்ளி விடுமுறையில் ஒரு திங்கட்கிழமை காலை சிறுவாச்சூர் கோயிலுக்குப் போயிருந்தேன். பெரம்பலூரில் நான் கணக்கு டீச்சர். சர்க்கரை நோய்க்காகப் பல வருடங்களாக இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். அன்று, சாமி கும்பிட்டுவிட்டுச் சாப்பிடலாம் என்று ஊசியை மட்டும் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பிவிட்டேன். நல்ல கூட்டம். தரிசனம் முடிந்து வெளியே வர பத்தரை மணியாகிவிட்டது.

வண்டியில் சாவியைப் போட்டேன். நுழையவில்லை. திருப்பித் திருப்பிக் குத்திக்கொண்டிருந்தேன். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் பூஜைக் கூடையோடு வந்து நின்றார்.

"அக்கா, இது என் வண்டிங்க."

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, என் ஆயுசில் யாரிடமும் அப்படிக் கத்தியதில்லை. "என் வண்டியை உங்க வண்டின்னு சொல்றீங்களா?" என்று சண்டை பிடித்தேன். நான்கு பேர் கூடிவிட்டார்கள். வண்டி திருட வந்தவள் என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது.

அந்தப் பெண் மட்டும் என் முகத்தையே பார்த்தார். மார்கழிக் குளிரில் என் ரவிக்கை வேர்வையில் நனைந்திருந்ததாம்.

"உங்க வண்டி நம்பர் சொல்லுங்கக்கா."

தெரியவில்லை. பெயரைக் கேட்டார். அதுவும் வரவில்லை. ஆனால் நான் சொல்வதுதான் சரி என்பதில் எனக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை.

"சுகர் இருக்காக்கா?"

"எனக்கு ஒண்ணுமில்ல. வழிய விடுங்க."

அவர் எதிரே இருந்த டீக்கடையிலிருந்து சர்க்கரை கரைத்த தண்ணீர் வாங்கி வந்தார். தட்டிவிட்டேன். அவர் புடவையெல்லாம் நனைந்தது. மறுபடியும் போய் இன்னொரு டம்ளர் வாங்கி வந்து, தோளைப் பிடித்து உட்காரவைத்து, கெஞ்சிக் கெஞ்சிக் குடிக்க வைத்தார்.

கால் மணி நேரத்தில் ஒவ்வொன்றாகத் தெளிந்தது. முதலில் டீக்கடைச் சத்தம், பிறகு என் பெயர். நான் குத்திக்கொண்டிருந்தது சிவப்பு வண்டி. என்னுடையது நீலம், நாலு வண்டி தள்ளி நின்றது. வெட்கத்தில் அழுதுவிட்டேன்.

"அழுவாதீங்க. எங்க வூட்டுக்காரருக்கும் சுகர் எறங்கிச்சுன்னா இப்படித்தான், சோத்துத் தட்டத் தூக்கி எறிவாரு. சரியானப்புறம் அவரு அழுவாரு. மூளைக்குச் சர்க்கரை போவலன்னா அவங்க என்ன பண்ணுவாங்க?"

உடனே கிளம்பப் பார்த்தேன். என் சாவி அவர் கையில் இருந்தது. "நாலு இட்லி சாப்புட்டாத்தான் தருவேன்" என்று சிரித்தார். டீக்கடை பெஞ்சில் இருவரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். அத்தனை ருசியான இட்லியை அதற்குமுன் நான் சாப்பிட்டதில்லை.

என் வண்டியே முதலில் கண்ணில் பட்டிருந்தால், சாவி சேர்ந்திருக்கும். அந்த மூளையோடு நாலுவழிச் சாலையில் ஏறியிருப்பேன்.

இப்போதெல்லாம் ஊசி போட்டால் உடனே சாப்பாடு. நான் காரணமில்லாமல் எரிந்துவிழுந்தால் வாதாடாமல் சர்க்கரை கொடுங்கள் என்று ஆசிரியர் அறையில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். அதோடு, முன்பின் தெரியாத யாராவது என்னிடம் முறைகெட்டுப் பேசினால், பதில் சொல்லும் முன் ஒரு நிமிடம் அவர்கள் முகத்தை உற்றுப் பார்க்க என்னைப் பழக்கியவர், இன்றுவரை பெயர் தெரியாத அந்தப் பெண்தான்.