வடைமாலை தின்ற மான்

இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம் பொங்குகிறது.

ரங்கூன் கோயிலில் ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்திய மறுநாள், மிங்கலாடோன் தாண்டியுள்ள வனவிலங்குப் பூங்காவுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். பெரிய புல்வெளியில் மான்கள் மேய்ந்தன. தீனி போடக் கூடாது என்று பர்மிய மொழியில் பலகை வைத்திருந்தார்கள். என் மனைவியின் அண்ணன், மிச்சமிருந்த மாலையைக் கொண்டுவந்திருந்தார். மரத்திலிருந்த குரங்குக்குப் போட்டால் புண்ணியம் என்று வேலிக்கு மேலாக வீசினார். அது புல்லில் விழுந்தது. ஒரு பெட்டை மான் வடையோடு நைலான் கயிற்றையும் விழுங்கிவிட்டது. மூச்சுத் திணறிக் கழுத்தை நீட்டி நீட்டி இருமியது.

காவல்காரர் ஓடிவந்தார். "என்ன தின்றது? யார் போட்டது? சொன்னால்தான் காப்பாற்ற முடியும்!"

"குரங்கு போட்டுச்சு," என்றார் மச்சான். எல்லோரும் சிரித்தார்கள்.

நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவன் நான். அன்று கத்தினேன். "இவர்தான் போட்டார்! வடை கோத்த நைலான் கயிறு, ஒரு முழம் இருக்கும்!"

காவல்காரர் மானின் வாயைத் திறந்து, கயிற்றை மெதுவாக இழுத்தெடுத்தார். மான் தள்ளாடி எழுந்து போனது.

மச்சான் என் பக்கம் திரும்பினார். "என்னையே காட்டிக் குடுத்துட்டியே மாப்ள. மானா உனக்குப் பொண்ணு குடுத்துச்சு?"

அதன்பிறகு நான் அவர் வீட்டுப் படி ஏறவில்லை. நாலாம் வகுப்போடு நின்ற எனக்கே அந்தப் பலகை புரிந்தது. அவரும் நின்று படித்துவிட்டுத்தான் வீசினார். மான் மூச்சுக்குத் தவித்தபோது சிரித்தார்களே, அந்தச் சிரிப்பு மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை.