ஏழாவது சோறு

என் மாமனார் மருதாசலம் சாப்பிட உட்கார்ந்தால் முதலில் சாப்பிடுவது அவருடைய மூக்குதான். இலையில் எது விழுந்தாலும் குனிந்து ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கை வைப்பார். கல்யாணமான புதிதில் எனக்கு அது சங்கடமாக இருந்தது. "எங்கம்மா சமையல்ல உங்கப்பா என்னத்தைத் தேடறாரு?" என்று நித்யஸ்ரீயிடம் கேட்டேன்.

"எங்க ஊட்லயும் அப்படித்தாங்க. கோயில் பிரசாதத்தையே மோந்து பாத்துட்டுத்தான் கண்ணுல ஒத்திக்குவாரு" என்றாள்.

மாமா ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் சமையல்காரர். புதுச்சத்திரத்தில் வண்டி ஏறினால் ஆந்திரா, கர்நாடகம் என்று சுற்றிவிட்டு மழைக்காலத்தில்தான் வீடு திரும்புவார். காட்டுக்குள் நிற்கிற வண்டியில் ஃபிரிட்ஜ் ஏது? வாங்கிய காய், பால், அரைத்த மாவு எல்லாம் வெயிலோடுதான் கிடக்கும். ஒருமுறை ராய்ச்சூர் பக்கம், காலையில் அரைத்த தேங்காய்ச் சட்னியை மிச்சம் பிடித்து ராத்திரி தோசைக்கும் ஊற்றிவிட்டார். வண்டி ஆட்கள் மொத்தப் பேரும் சோளக்காட்டுக்கும் வண்டிக்குமாக ஓட, துளை பாதியில் நின்றுபோனது. "அன்னிக்கு டிரில்லர் தம்பி போன வேகத்துக்கு எங்க கம்ப்ரசர் கூடப் போனதில்லீங்க மாப்ள" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அதிலிருந்து தேங்காயை ஓர் ஆளாகவே வைத்துப் பேசுவார். உடைக்காத வரைக்கும் மாசக்கணக்கா நல்லவன், உடைச்சுட்டா மத்தியானம் தாண்ட மாட்டான் என்பார்.

நித்யஸ்ரீ ஏழு மாதமாக இருந்தபோது, நல்ல சித்திரை வெயிலில், எடப்பாடியில் எங்கள் வீட்டில் கட்டுச்சோற்று விருந்து வைத்தோம். பிறந்த வீட்டார் பலவகைச் சோறு கட்டிக்கொண்டு வந்து, மாசமான பெண்ணுக்கும் பந்திக்கும் பரிமாறிவிட்டு, அவளைப் பிரசவத்துக்கு அழைத்துப் போவார்கள். சோறு ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். புளி, எலுமிச்சை, தக்காளி, எள்ளு, தயிர், சர்க்கரைப் பொங்கல், தேங்காய் என்று ஏழு முடிவாயிற்று.

தேங்காய்ச்சோற்றை மட்டும் எடப்பாடிக்கு வந்தே தாளித்துக்கொள்ளலாம் என்றார், இதற்கென்றே வண்டியிலிருந்து லீவில் வந்திருந்த மாமா. என் மாமியார் ஆராயி அத்தை ஒப்பவில்லை. அந்தச் சண்டையை அத்தையே பிற்பாடு எங்களுக்கு நடித்துக் காட்டினார்.

"ஏனுங்க, சம்மந்தி ஊட்டு அடுப்புல போயா தாளிப்பீங்க? சோறாக்கத் துப்பில்லாம வந்தாங்கன்னு பேசமாட்டாங்களா?"

"பேசுனாப் பேசட்டும். வாயும் வவுறுமா இருக்கற புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"அதுக்குத்தான் புது ஹாட் பாக்ஸ் வாங்கியிருக்கறேன். இது என்ன உங்க ரிக் வண்டிப் போசியா?"

அத்தை விடியலில் தேங்காய்ச்சோறு கிளறி, ஆவி பறக்கப் பறக்க ஹாட் பாக்ஸில் அழுத்தி மூடினார். மற்ற ஆறும் மாமாவின் கைவேலை. வேட்டியில் பரப்பி ஆறவிட்டு, வாழையிலை போட்டுக் காற்றுப் போகிற மாதிரி கட்டியிருந்தார். தயிர்ச்சோற்றில் பெரும்பாலும் பால்தான், தயிர் ஒரு கரண்டி. ஊர் சேர்வதற்குள் தானாக உறைந்துகொள்ளும் என்பது அவர் கணக்கு.

சங்ககிரி தாண்டி வேன் டயர் வெடித்தது. ஸ்டெப்னியிலும் காற்றில்லை. மத்தியானம் தாண்டி அவர்கள் எங்கள் வாசலில் வந்திறங்கியபோது பந்தலில் சொந்தக்காரர்கள் பசியோடு கல்யாணப் பத்திரிகைகளால் விசிறிக்கொண்டிருந்தார்கள்.

நித்யஸ்ரீயை மணையில் உட்காரவைத்து இலை போட்டாயிற்று. அப்போதுதான் மாமா ஒவ்வொரு பாத்திரமாகத் திறந்து, குனிந்து முகர ஆரம்பித்தார். "கொண்டாந்தவருக்கே சந்தேகம்னா நாம எப்படிச் சாப்படறது?" என்று என் பெரியம்மா கந்தம்மாள், யாருக்கும் கேட்காதது போல எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அத்தை தரையைப் பார்த்தார்.

கடைசியாக ஹாட் பாக்ஸ். மூடியின் உட்பக்கத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. மாமா ஒரு பருக்கையை எடுத்து விரலில் நசுக்கினார், நூல் இழுத்தது. மெதுவாக மூடி, பெட்டியைத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"இது வேண்டாமுங்க."

"அப்ப ஆறுதானுங்களே" என்றார் பெரியம்மா. "மாசமான புள்ளைக்கு ரெட்டப்படையிலயா பரிமாறறது?"

நித்யஸ்ரீக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் கடைக்கு ஓடலாமா என்று நினைத்தேன். கட்டுச்சோறு எந்தக் கடையில் விற்கிறது?

மாமா மஞ்சள் பைக்குள் கை விட்டார். குடுமியோடு ஒரு முழுத் தேங்காய் வந்தது. அத்தைக்குத் தெரியாமல் போட்டுக்கொண்டு வந்தது. அதை இரண்டு கையிலும் ஏந்தி என் அம்மா வள்ளியாத்தாளிடம் போனார்.

"சம்மந்தி, அடுப்புல ஒரு ஓரம் குடுத்தீங்கன்னா..."

அம்மா சும்மா விடுகிற ஆளில்லை. "அடுப்பத் தாரேனுங்க. இத்தனை நாளா எங்க ஊட்டுச் சோத்தையும் இப்படித்தான் மோந்து பாத்தீங்களா?"

"பழக்கமாப் போச்சுங்க சம்மந்தி. இனிமே உங்க சோத்த மூச்சப் புடிச்சுக்கிட்டுச் சாப்படறேன்."

முதலில் சிரித்தது பெரியம்மாதான். அம்மா தேங்காயை வாங்கி வாசற்படியில் தன் கையாலேயே உடைத்தார். சரிபாதியாகப் பிளந்தது. "பாத்தீங்களா, நல்ல சகுனம்" என்றார் பெரியம்மா, சற்றுமுன் பேசியது வேறு யாரோ என்பது போல. ரசத்துக்கென்று எங்கள் வீட்டில் வெள்ளைச்சோறு வடித்திருந்தது. அம்மா துருவித்தர, மாமா தாளித்தார்.

"தேங்கா உங்களுது, சோறு எங்களுது" என்று அம்மா கிண்டிக்கொண்டே சொன்னார். "பொறக்கற புள்ளையும் அப்படித்தானுங்களே."

இலைக்கு ஏழும் வந்தன. உள்ளதைச் சொன்னால், மாமாவின் புளிச்சோறு ரிக் வண்டிக்கு ஆக்குகிற மாதிரி ஆக்கியது, நாக்கைச் சுருட்டியது. தயிர்ச்சோறு, வேன் நின்ற புண்ணியத்தில், கட்டியாக உறைந்திருந்தது. கெட்ட சோற்றை மாமா கொல்லைத் தென்னைக்குக் குழி வெட்டிக் கொட்டினார். "வந்த எடத்துக்கே போகட்டும். ஆறவெச்சு மூடியிருந்தாத் தப்பிச்சிருப்பான்" என்றார் பெரியம்மாவிடம்.

இந்த ஆடியில் மாமா போய்விட்டார். புதுச்சத்திரத்து வீட்டில் அடுப்பு மூட்டாத நாட்களில் சொந்தக்காரர்கள் சோறு கொண்டுவந்தார்கள். ஒருநாள் பெரியம்மா தேங்காய்ச்சோறு கொண்டுவந்தார். நித்யஸ்ரீ மூடியைத் திறந்தவள், தன்னையறியாமல் குனிந்து முகர்ந்துவிட்டாள். பிறகுதான் எதிரில் பெரியம்மா நிற்பது உறைத்து, வெட்கத்தோடு நிமிர்ந்தாள்.

"நல்லா மோந்து பாரு சாமி" என்றார் பெரியம்மா. "இப்ப ஒடைச்ச காய்தான். உங்கப்பன் சொன்னாப்பல ஆறவெச்சுத்தான் மூடுனேன்."

அத்தனை நாளில் அன்றுதான் நித்யஸ்ரீ சிரித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் மகள், ஏதோ விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு, தன் காலித் தட்டை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

சோறு நன்றாகத்தான் இருந்தது. உப்பு மட்டும் கொஞ்சம் குறைவு.