அஸ்தினாபுரத்து அரசவை என்னுடையதன்று

நான் திருடினேன். ‘அஸ்தினாபுரத்து அரசவை’ என்ற பெயரில் உங்கள் கைபேசிகளில் ஓடிய அந்த நையாண்டிக் காணொளி என் மூளையில் உதித்ததன்று. சீனாவில் ஏதோ ஓர் ஊரில், என்னைப் போலவே வேலை முடிந்து வந்து படமெடுக்கும் ஒரு மனிதருடையது. அவர் பெயரைக்கூட எனக்கு வாசிக்கத் தெரியாது!

அப்பாடா... எழுதிவிட்டேன்.

எப்படித் திருடினாய் என்று கேட்பீர்கள். குரோம்பேட்டையில் ஒரு டைல்ஸ் கடையில் விற்பனையாளன் நான். மதியச் சாப்பாட்டு வேளையில் தற்செயலாக அதைப் பார்த்தேன். நாலு பேர் போர்வையைப் போர்த்திக்கொண்டு ராஜசபை நடத்துகிறார்கள். பேச்செல்லாம் அடுக்குமாடிக் குடியிருப்பில் பழுதாகிக் கிடக்கும் லிஃப்டைப் பற்றி! சிம்மாசனம் பிளாஸ்டிக் நாற்காலி, கிரீடம் காய்கறி வடிகட்டி. கீழே ஓடிய அரைகுறை ஆங்கிலத்தைப் படித்துப் படித்தே எனக்குப் புரையேறிவிட்டது.

அன்றைக்கே பாபுவைக் கூப்பிட்டேன். ஆட்டோ ஓட்டுகிற நண்பன். என் காணொளிகளுக்கெல்லாம் அவன்தான் கதாநாயகன். நாங்கள் இருப்பதோ குரோம்பேட்டையை ஒட்டிய அஸ்தினாபுரம். துரியோதனன் சபை என்று மாற்றிவிட்டால் எவனுக்குச் சந்தேகம் வரும்? அசலை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, காட்சி காட்சியாகப் பெயர்த்தெடுத்தேன். அதில் மந்திரி தேநீர் ஊற்றும்போது அரசர் இரண்டு விரலால் மேசையை மெல்லத் தட்டுவார். ஏன் தட்டுகிறார்? தெரியாது. அதையும் விட்டுவைக்கவில்லை.

“இன்னாத்துக்கு மச்சான் தட்டணும்?” என்றான் பாபு.

“தட்டு மச்சான், கெத்தா கீது.”

அதுதான் பிடித்துக்கொண்டது! தாம்பரம் டீக்கடைகளில் கிளாஸ் வந்ததும் ஆளாளுக்கு இரண்டு விரலால் தட்டினார்கள். ‘நம்ம மண்ணின் நையாண்டி’ என்று நீங்கள் பாராட்டினீர்கள். நானும் வெட்கமில்லாமல் நன்றி சொன்னேன்.

முதலில் மோப்பம் பிடித்தவர் கவிதா அக்கா. எங்கள் மாடிவீட்டில் குடியிருப்பவர், மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர், பயிற்சிக்காகச் சீனா போய் வந்தவர். படிக்கட்டில் என்னை நிறுத்தினார்.

“தம்பி, அந்த விரல் தட்டுறது... எங்க புடிச்ச?”

“சும்மா தோணுச்சுக்கா.”

“நான் இருந்த ஊர்ல, டீ ஊத்தினா அப்படித்தான்பா தேங்க்ஸ் சொல்வாங்க. அது உனக்குச் சும்மா தோணுச்சா?”

சிரித்தபடிதான் கேட்டார். கடைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிப் படியிறங்கி ஓடினேன்.

பயந்துபோய் அசல் இருந்த பக்கத்தைத் தேடிப் போனேன். அங்கே கண்டதைத்தான் இரண்டு வருடமாக மறைத்தேன். அந்த மனிதரின் காணொளிக்குக் கீழே நம்மவர்கள் போய் எழுதியிருந்தார்கள்: ‘இந்தியக் காணொளியைத் திருடியவன் நீ’ என்று! அவர் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் பதில் சொல்லியிருந்தார். ‘என்னுடையதுதான் முதலில் வந்தது. தேதியைப் பாருங்கள். அது எங்கள் வீட்டு லிஃப்ட். என் அம்மா ஏழு மாடி ஏறுகிறார்.’ அதற்கும் கேலி. அதன்பிறகு அவர் எந்தக் காணொளியும் போடவில்லை.

‘திருடியவன் நான்’ என்று ஒரே ஒரு வரி... எழுதினேனா? பக்கத்தை மூடிவிட்டுச் சாப்பிடப் போனேன். வீட்டில் வஞ்சிரம் வறுவல். ருசித்துத்தான் சாப்பிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். என்ன மனிதன் நான்!

போன மாதம் கூடுவாஞ்சேரிக்காரன் ஒருவன் என் காணொளியை அப்படியே எடுத்துத் தன் பெயரில் போட்டுவிட்டான். பாபு கொதித்தான். “மச்சான், நம்ம மேட்டர சுட்டுட்டான்! வுடாத அவன!”

‘நம்ம மேட்டர்’ என்றானே, அதற்குமேல் என்னால் முடியவில்லை. பாபுவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

“அடப்பாவி... அப்போ ரெண்டு வருசமா என்னையும் திருடனா ஆக்கி வச்சிகினு கீறியா?” என்று மட்டும் கேட்டுவிட்டு ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டு போனான். இன்றுவரை வரவில்லை.

மறுநாளே கேமரா முன் உட்கார்ந்து உங்களிடம் உண்மையைச் சொன்னேன். அழுதேன். அசலின் முகவரியையும் போட்டேன். அந்த மனிதரின் பக்கத்திலும் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பதில் இல்லை. ஆனாலும்... ஆகா, அந்த விடுதலையை என்னவென்று சொல்வேன்! கவிதா அக்காவைப் பார்த்தால் இப்போது நான் ஒளிவதில்லை. யாராவது டீக்கடையில் என்னை உற்றுப் பார்த்தால் நெஞ்சு அடித்துக்கொள்வதில்லை. இத்தனை நாள் இதற்கா பயந்தேன்?

நீங்கள் என்ன செய்தீர்கள்? சிரித்தீர்கள்! ‘அண்ணா, வேற லெவல் நடிப்பு’, ‘அழுற சீன் செம’... அதையும் நையாண்டி என்றே எடுத்துக்கொண்டீர்கள். அதனால்தான் கேமராவை மூடிவைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

நேற்று அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். என் மன்னிப்புக்குக் கீழே உங்களில் ஒருவர் அவருக்கு எழுதியிருக்கிறார்: ‘பாத்தியா, எங்க அண்ணன் உன்னையே கலாய்ச்சுட்டாரு!’

உண்மையைச் சொல்லிவிட்டதில் இங்கே எனக்கு நிம்மதியான தூக்கம் வந்துவிட்டது. அங்கே அவர் இன்னும் திருடனாகவே இருக்கிறார்.